வழி தப்பிய புரதம்

நோய்நொடி இல்லாத ஒருவரின் பெருங்குடலிலும் அது தினமும் உற்பத்தியாகிறது. குடலின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் செல்கள், உணவுச் சக்கை நகர்ந்துபோகும் பக்கத்தில் மட்டும் அதைத் தங்கள் மேல் பூசிக்கொண்டிருக்கின்றன. செல் முதிர்ந்து உதிரும்போது அதுவும் உதிர்ந்து மலத்தோடு வெளியே போய்விடுகிறது. ஒரு நாளைக்கு மில்லிகிராம் கணக்கில் போகிறது. அதே ஆளின் ரத்தத்தில் தேடினால் ஒரு மில்லி லிட்டருக்கு இரண்டு மூன்று நானோகிராமுக்கு மேல் தேறாது. ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம்.

லேப் ரிப்போர்ட்டில் சி.இ.ஏ. என்று மூன்றெழுத்தில் வரும் புரதம் இது. விரித்தால் கார்சினோஎம்ப்ரியானிக் ஆன்டிஜென். நுரையீரல் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சிலருடைய வீடுகளில் இந்த எண்ணை மனப்பாடமாகவே சொல்வார்கள்: ஆபரேஷனுக்கு முன்னால் 14, இரண்டு மாதம் கழித்து 3.2, இப்போது 4.1. அந்த 3.2க்கும் 4.1க்கும் நடுவே எத்தனை இரவுகள் தூக்கம் போயிருக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குடலில் பிறந்த ஒரு பொருள் நுரையீரல் நோயாளியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வந்தது அறுபது ஆண்டுக் கதை. அதில் பாதி, அதை அளவுக்கு மீறி நம்பியவர்கள் ஏமாந்த கதை.

தொடக்கம் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில். மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாண்ட்ரியல் ஜெனரல் ஹாஸ்பிடலில் 1960களின் முற்பகுதியில் ஃபில் கோல்டு என்ற இளம் டாக்டர், சாமுவேல் ஃப்ரீட்மனிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். புற்றுக்கட்டியில் மட்டும் இருந்து நல்ல திசுவில் இல்லாத பொருள் ஏதாவது உண்டா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு முன்பே பலர் தேடித் தோற்றிருந்தார்கள். ஒருவருடைய கட்டியை இன்னொருவருடைய நல்ல திசுவோடு ஒப்பிட்டால் தெரிகிற வித்தியாசம் நோயால் வந்ததா, ஆளுக்கு ஆள் இயல்பாகவே இருப்பதா என்று பிரிக்க முடியவில்லை.

கோல்டு பெருங்குடலைத் தேர்ந்தெடுத்தது ஆபரேஷன் தியேட்டரின் வழக்கம் ஒன்றை வைத்து. பெருங்குடல் புற்று குடலின் நீளவாக்கில் அதிக தூரம் ஊர்வதில்லை. ஆனாலும் சர்ஜன் கட்டிக்கு இருபுறமும் தாராளமாக இடம் விட்டுத்தான் வெட்டுவார். ஆகவே வெட்டியெடுத்த ஒரே துண்டில் ஒரே ஆளுடைய கட்டியும் கிடைத்தது, நல்ல குடலும் கிடைத்தது. கட்டியின் சாற்றை முயலுக்குச் செலுத்தி, முயலின் உடம்பு தயாரித்த ஆன்டிபாடிகளை எடுத்து, அவற்றை நல்ல குடலின் சாற்றோடு கலந்தார்கள். நல்ல குடலை அடையாளம் காண்கிறவை அதோடு ஒட்டிக்கொண்டு ஒதுங்கின. மிஞ்சியவை கட்டியை மட்டும் பிடித்தன. இன்னொரு வழியிலும் சரிபார்த்தார்கள். புதிதாகப் பிறந்த முயல்குட்டிகளுக்கு முதலில் நல்ல குடலின் சாற்றைக் கொடுத்து, அதை அவை அந்நியமாக நினைக்காதபடி பழக்கிவிட்டு, பிறகு கட்டியைக் கொடுத்தார்கள். அந்த முயல்களும் கட்டியில் உள்ள அதே பொருளையே காட்டிக்கொடுத்தன. சிக்கனமான, அழகான சோதனை. விலையுயர்ந்த கருவி ஒன்றும் இதற்குத் தேவைப்படவில்லை.

1965இல் ‘ஜர்னல் ஆஃப் எக்ஸ்பரிமென்டல் மெடிசின்’ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. பெருங்குடல் கட்டிகளில் கண்ட அந்தப் பொருள், இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான மனிதக் கருவின் குடலிலும் கல்லீரலிலும் கணையத்திலும் இருக்கிறது என்றார்கள். பெயரும் அதனால்தான் வந்தது. பெரியவர்களின் நல்ல குடலில் அது இல்லை என்றும் எழுதினார்கள். உண்மையில் இருந்தது, அன்றைய சோதனையின் கண்ணுக்கு எட்டாத அளவில் இருந்தது. இந்தச் சின்னச் சறுக்கலிலிருந்துதான் பின்னால் வந்த குழப்பம் பாதிக்கு மேல் பிறந்தது. ‘புற்றில் மட்டும் உள்ள பொருள்’ என்ற எண்ணம் மருத்துவ உலகில் ஊறிப்போயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடலாம். கரு உருவாகும்போது நுரையீரல் தனியாகத் தோன்றுவதில்லை. நான்காவது வாரத்தில் முன்குடலின் சுவரிலிருந்து ஒரு மொட்டாக அது கிளம்புகிறது. மூச்சுக்குழாயின் உட்பூச்சும் குடலின் உட்பூச்சும் ஒரே வம்சம். குடலின் புரதம் நுரையீரல் கட்டியில் தலைகாட்டுவது உடம்பின் கணக்குப்படி விந்தையே இல்லை.

கட்டியில் இருப்பதை ரத்தத்தில் காண வேண்டுமானால் நானோகிராமை அளக்கும் வித்தை வேண்டும். அது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏற்கெனவே தயாராகியிருந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளப்பதற்காகக் கதிரியக்கத்தைத் துணைக்கழைத்து உருவாக்கிய முறை அது. 1977இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் உயிருடன் இல்லை. யாலோ மட்டும் வாங்கினார். மாண்ட்ரியல் குழு அந்த முறையை சி.இ.ஏ.வுக்குப் பொருத்தி 1969இல் முடிவை வெளியிட்டது. பெருங்குடல், மலக்குடல் புற்று உள்ள 36 பேரில் 35 பேரின் ரத்தத்தில் அது தெரிந்தது. கட்டியை அகற்றிய பிறகு மறைந்தது. கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும், புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற கனவு அப்போது பிறந்தது. இன்றைக்கும் அது முழுதாகக் கலையவில்லை.

மற்ற ஆய்வகங்கள் அளக்கத் தொடங்கியதும் 1970களில் கனவு நொறுங்கத் தொடங்கியது. வயிறு, கணையம், மார்பகம், நுரையீரல் என்று வேறு புற்றுகளிலும் அது ஏறியது. கல்லீரல் சுருக்கத்தில் ஏறியது. கணைய அழற்சியில் ஏறியது. குடல் புண் நோயில் ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நோயும் இல்லாமல் சிகரெட் மட்டும் பிடிக்கிறவர்களிடமும் ஏறியது. மறுபக்கம், சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டிய ஆரம்பகாலக் கட்டிகள் பலவற்றில் அது ஏறவே இல்லை. 1980இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் வல்லுநர்களைக் கூட்டி விவாதித்தன. நலமாக இருப்பவர்களிடம் புற்றுநோயைத் தேட சி.இ.ஏ. உதவாது, ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களைப் பின்தொடர உதவலாம் என்றது தீர்ப்பு. துப்பறிவாளராக வேலைக்கு வந்தவர் காவல்காரராக இடம் மாற்றப்பட்டார்.

நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் நம் ஊர் லேப்கள் சிலவற்றில் ‘மாஸ்டர் செக்கப்’ பட்டியலில் ‘கேன்சர் மார்க்கர்’ என்று இதைச் சேர்த்து விற்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில், எந்தத் தொந்தரவும் இல்லாமல், 6.3 என்று ஒரு எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு அலைகிறவர்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. இயல்பான எண் வந்தவருக்கு அது தரும் நிம்மதியும் அதே அளவு பொய்.

புற்றுச் செல் சி.இ.ஏ.வைப் புதிதாகக் கண்டுபிடித்துத் தயாரிப்பதில்லை என்றால் ரத்தத்தில் ஏன் ஏறுகிறது? பதிலின் ஒரு பகுதி மறுபடியும் மக்கிலிலிருந்தே வந்தது. சி.இ.ஏ. என்பது செல்லும் செல்லும் ஒட்டிக்கொள்ள உதவும் மூலக்கூறு என்று கிளிஃபர்டு ஸ்டானர்ஸ் குழு 1989இல் காட்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. பத்தொன்பதாவது குரோமோசோமில் அதற்கு நெருங்கிய உறவினர்கள் ஒரு கூட்டமாகவே இருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. நல்ல செல்லுக்கு மேல் எது, கீழ் எது என்ற திசை உண்டு. சி.இ.ஏ.வை மேல்பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும். புற்றுச் செல் அந்தத் திசையை இழந்துவிடுகிறது. சுற்றிலும் எல்லாப் பக்கமும் பூசிக்கொள்கிறது. வீட்டுக் கழிவுநீர் பின்பக்கக் குழாய் வழியே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்வரை அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. குழாய் உடைந்து கூடத்துக்குள் வந்தால்தான் தெரியும். குடல் வழியாகவோ மூச்சுக்குழாய் வழியாகவோ வெளியே போக வேண்டியது, நிணநீரிலும் ரத்தத்திலும் இறங்கிவிடுகிறது. அங்கே வந்ததைக் கல்லீரல் பிடித்து அழிக்கிறது. கல்லீரல் கெட்டிருந்தால், கட்டி இல்லாமலே அளவு ஏறும்.

இதைப் புரிந்துகொண்டால் சி.இ.ஏ. எண்ணைப் படிக்கும் விதமே மாறிவிடும். எவ்வளவு உற்பத்தியாகிறது, எவ்வளவு தவறான பக்கம் கசிகிறது, எவ்வளவு வேகமாக அகற்றப்படுகிறது என்ற மூன்றின் கூட்டுக் கணக்கு அது. ஒரே ஒரு நாள் எடுத்த எண்ணிலிருந்து இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

நுரையீரல் ஆபரேஷனுக்குப் போவோம். 1933 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்தில், பார்ன்ஸ் ஹாஸ்பிடலில், எவர்ட்ஸ் கிரஹாம் ஒரு புற்றுநோயாளியின் ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக ஒரே ஆபரேஷனில் அகற்றினார். அப்படிச் செய்து நோயாளி பிழைத்தது அதுவே முதல் முறை. நோயாளி ஜேம்ஸ் கில்மோர், பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர், வயது 48. ஆபரேஷனுக்கு முன்னால் அவர் ஊருக்குப் போய், சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு, கல்லறைக்கு இடமும் வாங்கிவிட்டுத் திரும்பினார் என்று நெஞ்சு அறுவை மருத்துவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பிழைப்போம் என்பதற்குப் பல், பிழைக்க மாட்டோம் என்பதற்கு நிலம். தன்னுடைய எதிர்காலத்தைப் பற்றி ஒரு டாக்டரே செய்துகொள்ள முடிந்த கணிப்பு அவ்வளவுதான். கில்மோர் அதன் பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து எழுதிய கிரஹாமோ, தானும் புகைத்தவர். 1957இல் நுரையீரல் புற்றாலேயே இறந்தார். நோயாளி அவருக்குப் பின்னும் சில ஆண்டுகள் இருந்தார்.

அதன் பிறகு நிலை பிரிக்கும் முறை வந்தது. கட்டியின் அளவு என்ன, நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறதா, தூரத்து உறுப்புகளில் இருக்கிறதா என்று பார்த்து முதல் நிலை, இரண்டாம் நிலை என்று வகுத்தார்கள். இன்றும் எதிர்காலத்தைச் சொல்வதில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் முதல் நிலையிலேயே கண்டுபிடித்து, கட்டியைச் சுத்தமாக அகற்றி, ஓரங்களில் நோய் இல்லை என்று பேத்தாலஜிஸ்ட் எழுதிக் கொடுத்தவர்களிலும் ஒரு பகுதியினருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே திரும்பும். ஒரே நிலை, ஒரே ஆபரேஷன், இரண்டு வேறு முடிவுகள். அந்த வித்தியாசத்தை ரத்தம் முன்கூட்டிச் சொல்லுமா என்று கேட்டபோதுதான் சி.இ.ஏ.வுக்கு நுரையீரல் பிரிவில் நிலையான வேலை கிடைத்தது.

அமெரிக்காவின் பஃபலோவில் உள்ள ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் 1970களிலேயே நுரையீரல் நோயாளிகளிடம் அளந்து பார்த்திருந்தார்கள். ஆனால் இந்த எண்ணை விடாமல் பின்தொடர்ந்தவர்கள் ஜப்பானியர். மோரிஹிதோ ஒகாடாவும் அவருடைய சகாக்களும், முதல் நிலை என்று கருதி ஆபரேஷன் செய்யப்பட்ட ஆயிரம் பேரை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த சி.இ.ஏ. அளவை அவர்களுடைய ஆயுளோடு வைத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வந்தது. முன்னால் இயல்பாக இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். முன்னால் கூடியிருந்து பின்னால் இறங்கியவர்கள் அடுத்து. ஆபரேஷனுக்குப் பிறகும் இறங்காமல் நின்றவர்களின் நிலைதான் மோசம். கட்டியை எடுத்த பிறகும் புரதம் வந்துகொண்டே இருக்கிறதென்றால், அதை உற்பத்தி செய்வது உடம்பில் வேறெங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் குழு, ஆபரேஷன் செய்துகொண்ட முதல் நிலை நோயாளிகள் 153 பேரிடம், சி.இ.ஏ.வோடு சைஃப்ரா 21-1 என்ற இன்னொரு குறியையும் சேர்த்துப் பார்த்தது. சைஃப்ரா என்பது செல்லின் உள்சட்டகமாக இருக்கும் கெரட்டின் என்ற புரதம் உடைந்து சிந்தும் துண்டு. ஸ்குவாமஸ் வகைப் புற்றில் அது அதிகம் தெரியும். அடினோகார்சினோமா வகையில் சி.இ.ஏ. அதிகம் தெரியும். இரண்டும் தனித்தனியே எதிர்காலத்தைப் பற்றி ஏதோ சொல்கின்றன என்பது அவர்கள் கண்டது.

இப்படிப்பட்ட ஆய்வுகளைப் படிக்கும்போது நோயாளியின் குடும்பம் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆயிரம் பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்குக் கூட்டம் ஆயுள் வித்தியாசப்படுகிறது என்று காட்டுவது வேறு. ‘என் அப்பாவுக்கு எத்தனை வருஷம்?’ என்பதற்குப் பதில் சொல்வது வேறு. மோசமான கூட்டத்திலும் பல ஆண்டு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல கூட்டத்திலும் இரண்டே ஆண்டில் போனவர்கள் இருக்கிறார்கள். கில்மோருக்கு அன்றைக்கு யாராவது ரத்தம் எடுத்து ஒரு எண்ணைச் சொல்லியிருந்தாலும் அவர் அந்த நிலத்தை வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதோடு, நுரையீரல் நோயாளியின் உடம்பில் இந்த எண்ணைக் குழப்புவதற்குக் காரணங்கள் கூடுதல். நோயாளிகளில் கணிசமானவர்கள் புகைத்தவர்கள். அவர்களுக்குக் கட்டி இல்லாமலே அளவு சற்றுக் கூடியிருக்கும். புகைக்காதவருக்கு 3 என்றும் புகைப்பவருக்கு 5 என்றும் தனித்தனி எல்லை வைக்கும் லேப்கள் உண்டு. ஆபரேஷனுக்காக சிகரெட்டை நிறுத்தியவருக்கு அதனாலேயே கொஞ்சம் இறங்கலாம். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு, நுரையீரல் அழற்சி, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு குறைவு என எதுவும் எண்ணை நகர்த்தும். ஆபரேஷன் முடிந்த கையோடு அளந்தாலும் பயனில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே இறங்கிய சி.இ.ஏ. பாதியாகக் குறையவே பல நாட்கள் பிடிக்கும். நான்கைந்து வாரமாவது பொறுக்க வேண்டும்.

லேப் மாறினால் எண் மாறும் என்பதைப் பல குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 73/601 என்ற எண்ணிட்ட ஒரு பொது அளவுகோலை வைத்திருக்கிறது. அப்படியிருந்தும், ஒவ்வொரு கம்பெனியின் கிட்டிலும் உள்ள ஆன்டிபாடி இந்தப் புரதத்தின் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள் எக்கச்சக்கமாகத் தொங்கும் பெரிய மூலக்கூறு இது. ஒரே ரத்தத்தை இரண்டு கருவியில் வைத்தால் இரண்டு எண் வருவது சகஜம். 3.2 ஒரு லேபிலும் 4.1 இன்னொரு லேபிலும் எடுத்தது என்றால் அந்த உயர்வுக்கு அர்த்தமே இல்லாமல் போகலாம். ஒரே லேபில், ஒரே முறையில், சில வார இடைவெளியில் மூன்று தடவை தொடர்ந்து ஏறினால்தான் பேச்சுக்கே இடம்.

சரி, உண்மையாகவே ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வது? இந்தப் புரதத்தின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் அத்தியாயம் இதைப் பற்றியது. அது நடந்தது பிரிட்டனில், குடல் நோயாளிகளிடம். 1982 முதல் 1993 வரை, பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷன் ஆன 1,447 பேரை ஒரு சோதனையில் சேர்த்து, சி.இ.ஏ.வை விடாமல் அளந்து வந்தார்கள். எண் ஏறியவர்களில் 216 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 108 பேருடைய சர்ஜன்களுக்கு உடனே தகவல் போனது: நோய் திரும்பியிருக்கலாம், மறுபடி திறந்து பாருங்கள். மற்ற 108 பேருடைய சர்ஜன்களுக்குத் தகவல் போகவே இல்லை. வழக்கமான பரிசோதனையில் என்றைக்குத் தெரிகிறதோ அன்றைக்குப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். எண் ஒரு காகிதத்தில் ஏறிக்கொண்டிருக்க, சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லாமல் வைத்திருப்பது கொடுமையாகத் தோன்றும். ஆனால் முன்கூட்டி அறிவதால் பலன் உண்டா என்று அறிவதற்கு வேறு வழி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

1993 பிப்ரவரியில் கணக்குப் பார்த்தபோது, தகவல் சொல்லப்பட்ட பக்கத்தில் 91 பேர் இறந்திருந்தார்கள். சொல்லப்படாத பக்கத்தில் 88 பேர். சோதனையை நிறுத்தினார்கள். முடிவை யாரும் முழுமையாக வெளியிடவில்லை. காகிதங்கள் இருபது ஆண்டு தூங்கின. லண்டனின் நெஞ்சு அறுவை மருத்துவர் டாம் ட்ரெஷரும் சகாக்களும் அவற்றை மீட்டெடுத்து 2014இல் ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ இதழில் வெளியிட்டார்கள். அந்த இருபது ஆண்டும் உலகமெங்கும் மருத்துவமனைகள் சி.இ.ஏ.வை எண்ணி, ஏறியவர்களைத் தேடிப் பிடித்து, வயிற்றைத் திறந்துகொண்டிருந்தன. எண் பொய் சொல்லவில்லை, நோய் திரும்பியதைச் சரியாகவே சொன்னது. அதைக் கேட்டவர்களிடம் அன்றைக்கு நல்ல மருந்து இல்லை.

நுரையீரலுக்கு இதே போன்ற சோதனை நடக்கவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ, 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கண்டிப்பாகச் சொன்னது: குணப்படுத்தும் சிகிச்சை முடித்த நுரையீரல் நோயாளியிடம் நோய் திரும்புகிறதா என்று பார்க்க ரத்தக் குறிகளைப் பயன்படுத்த வேண்டாம்; இரண்டு ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சி.டி. ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன். ஜப்பானிலும் சீனாவிலும் சி.இ.ஏ.வை அளப்பது நின்றபாடில்லை. என் கட்சி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் தெளிவாகக் கூடியிருந்து, பின்னால் தெளிவாக இறங்கிய நோயாளிக்கு அந்த எண் ஒரு பேச்சுத் துணை; ஸ்கேனில் ஒரு சின்னப் புள்ளி தெரியும்போது அது வடுவா வேறா என்று யோசிக்க உதவும். முன்னாலும் 2, பின்னாலும் 2 என்று இருந்தவருக்கு மாதாமாதம் எடுப்பது காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு.

அளப்பதோடு நிற்காமல் இதை ஒரு விலாசமாகப் பயன்படுத்தவும் பார்த்தார்கள். கட்டியின் மேல் இந்தப் புரதம் பூசியிருக்கிறது என்றால், அதைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியின் முதுகில் விஷத்தை ஏற்றி அனுப்பலாம் அல்லவா? பிரான்சின் சனோஃபி கம்பெனி துசாமிடமாப் ராவ்டான்சின் என்ற மருந்தை அப்படித்தான் உருவாக்கியது. கட்டியின் செல்களில் பாதிக்காவது இந்தப் புரதம் நன்றாகத் தெரிகிற நுரையீரல் நோயாளிகளாகப் பார்த்துப் பெரிய சோதனையில் சேர்த்தார்கள். பழைய கீமோ மருந்தான டோசிடாக்சலைவிட நோயைக் கூடுதல் காலம் தள்ளிப்போட அதனால் முடியவில்லை. 2023 டிசம்பரில் கம்பெனி கைவிட்டது.

இதற்குள் ரத்தத்தில் வேறொரு பயணி மதிப்புப் பெற்றிருந்தது. செல் இறந்து சிதறும்போது அதன் டி.என்.ஏ. துண்டுகளும் ரத்தத்தில் கலக்கின்றன. 1948இலேயே பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் மாண்டெல், மெத்தே என்ற இருவர் ரத்தத்தில் செல்லுக்கு வெளியே டி.என்.ஏ. இருப்பதைக் காட்டிவிட்டார்கள். டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாத காலம்; கவனிப்பார் இல்லை. சி.இ.ஏ. போல இது நலமானவரிடமும் உள்ள பொருளின் அளவுக் கணக்கு இல்லை. கட்டியில் உள்ள அதே எழுத்துப்பிழைகள் ரத்தத்தில் மிதக்கும் துண்டிலும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். வேகமும் வேறு. கட்டி அகன்றதும் இது பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்று 2008இல் பெருங்குடல் ஆபரேஷன் ஒன்றின்போது அளந்தார்கள்.

பிரிட்டனில் சார்லஸ் ஸ்வான்டன் தலைமையில் நடக்கும் ‘டிரேசரெக்ஸ்’ ஆய்வு, நுரையீரல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கட்டியில் உள்ள டி.என்.ஏ.வை வரிவரியாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சோதனை தயாரித்து, ரத்தத்தில் தேடியது. 2017இல் வந்த முடிவில், நோய் திரும்பியதைப் பலருக்கு ஸ்கேனுக்கு முன்பே ரத்தம் காட்டியது. முந்திய காலத்தின் நடு அளவு 70 நாள். குறைந்தது பத்து நாள், அதிகபட்சம் 346 நாள். ஆனால் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தத்தில் ஸ்குவாமஸ் வகை நோயாளிகள் 31 பேரில் 30 பேரிடம் கட்டியின் டி.என்.ஏ. தெரிந்தது, அடினோகார்சினோமாவில் 58 பேரில் 11 பேரிடம்தான் தெரிந்தது. சி.இ.ஏ. ஓரளவு பேசும் இடத்தில் இது ஊமையாக இருந்தது. அதன் பிறகு சோதனைகளின் கூர்மை வெகுவாகக் கூடியிருக்கிறது. இருந்தாலும் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்ற ரிப்போர்ட்டை ‘ஒன்றும் இல்லை’ என்று படித்துவிடக் கூடாது.

முன்கூட்டி அறிந்து என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. இந்தத் தடவை விடை முதலில் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து, அதுவும் குடலில். இரண்டாம் நிலை பெருங்குடல் புற்று நோயாளிகள் 455 பேரை வைத்து ஜீன் டை குழு நடத்திய சோதனை 2022இல் வெளிவந்தது. ரத்தத்தின் டி.என்.ஏ.வைப் பார்த்து முடிவெடுத்த கூட்டத்தில் கீமோ பெற்றவர்கள் 15 சதவீதம். வழக்கப்படி முடிவெடுத்த கூட்டத்தில் 28 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆக, ரத்தக் குறி தன் பலனை நன்றாக நிரூபித்திருப்பது தேவையற்றவருக்கு மருந்தைத் தவிர்ப்பதில். நோயைச் சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் தாக்கினால் ஆயுள் கூடும் என்பது குடல், நுரையீரல் புற்றுகளில் இன்னும் நம்பிக்கைதான்.

நுரையீரலில் அந்த நம்பிக்கையைச் சோதிக்க ‘மெர்மெய்ட்’ என்ற பெயரில் இரண்டு சோதனைகள் தொடங்கின. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் கட்டியின் தடம் இருந்தால், ஸ்கேனில் எதுவும் தெரிவதற்கு முன்பே டுர்வாலுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது திட்டம். 1982இல் குடல் நோயாளிகளிடம் கேட்ட அதே கேள்வி. கையில் இருக்கும் மருந்து மட்டும் அன்றைக்கு இருந்ததைவிட நல்லது. இரண்டு சோதனைகளும் விடை கிடைப்பதற்கு முன்பே மூடப்பட்டன. நுரையீரல் நோயாளிக்கு அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆறு மாத ஸ்கேன் தொடர்கிறது.